கட்டுரை யாருடையது? மாணவர் மாநாடுகளில் ஏஐ கட்டுப்பாடு

என் படிவம் ஐந்து மாணவி ஒருவர் ஸ்கூடாய் ஆற்று நீரின் கலங்கல் அளவை ஆறு வாரம் பதிவு செய்து, மாணவர் மாநாடு ஒன்றுக்குக் கட்டுரை தயாரித்தார். மேற்கோள் பட்டியலில் ஐந்து ஆய்வுகள் இருந்தன. தேடிப் பார்த்தோம். அவற்றில் இரண்டு எங்குமே இல்லை. “ஏஐ கொடுத்தது, டீச்சர்,” என்றார் தயங்கியபடி. ஆற்றங்கரையில் அவர் பட்ட பாடு உண்மை. ஆனால் இரண்டு போலி மேற்கோள்களால் அதுவும் சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும்.

ஏஐ ஏன் இப்படிச் செய்கிறது? ஏராளமான எழுத்துகளில் பயிற்சி பெற்ற மொழி மாதிரி, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்தே எழுதுகிறது. ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ் என ஒரு மேற்கோள் எப்படி அமையும் என்பது அதற்குப் பழக்கம். அந்தக் கட்டுரை உண்மையில் உள்ளதா என்று அது தானாகச் சரிபார்ப்பதில்லை. இணையத்தில் தேடும் வசதி சேர்ந்தால் பிழை குறையலாம்; முற்றிலும் நீங்குவதில்லை.

எனவேதான் கட்டுப்பாடுகள் வந்தன. 2023இல் ஹவாயில் நடந்த ஐசிஎம்எல் என்ற இயந்திரக் கற்றல் மாநாடு, மொழி மாதிரி உருவாக்கிய எழுத்தைக் கட்டுரையில் சேர்க்கத் தடை விதித்தது. ஆனால், ஆய்வாளர் தாமே எழுதியதை ஏஐ கொண்டு திருத்த அனுமதித்தது. அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழ், ஏஐயை ஆசிரியராக ஏற்க முடியாது என்றது; பிழைக்குப் பொறுப்பேற்க அதனால் இயலாது என்பதே காரணம். மலேசியாவில் எம்கியூஏ எனும் தகுதி நிர்ணய முகமையும் 2023இல் உயர்கல்விக் கூடங்களுக்கு ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது.

விதியை மீறியவரைக் கண்டறியும் மென்பொருள் போதாதா? போதாது. இவற்றுள் பல, சொற்களை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று அளக்கின்றன. இரண்டாம் மொழியில் எழுதுவோர் பழகிய எளிய சொற்களையே கையாள்வதால் மாட்டிக்கொள்கிறார்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு மென்பொருள்களைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளில், சராசரியாக 61 விழுக்காட்டை அவை ஏஐ எழுதியவை எனத் தவறாகக் கூறின. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், மாநாட்டில் ஆங்கிலம் என வாழும் நம் பிள்ளைகளுக்கு இது சிறிய ஆபத்தல்ல.

ஆகவே ஏற்பாட்டாளர்கள் மூன்றைக் கேட்கலாம். ஏஐயை எதற்குப் பயன்படுத்தினோம் என்ற வெளிப்படையான குறிப்பு, தேதியிட்ட ஆய்வுக் குறிப்பேடு, நேர்முகக் கேள்வி. மொழித்திருத்தத்துக்கு அனுமதி தரலாம். தரவு, முடிவு, மேற்கோள் ஆகியவற்றுக்குத் தரக்கூடாது.

என் மாணவி கட்டுரையைத் தாமே திருத்தி எழுதினார். ஆங்கிலம் சற்றுக் கரடுமுரடாகத்தான் இருந்தது. “மூன்றாம் வாரத்தில் மட்டும் கலங்கல் ஏன் கூடியது?” என்று நடுவர் கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை: “முதல் நாள் இரவு கனமழை. நான் அங்கே போய்ப் பார்த்தேன்.”