எருமைத் தோலில் அர்ஜுனன்

ஜாவாத் தீவின் நிழற்கூத்துக்குப் பெயர் ‘வாயாங் கூலித்’. ‘கூலித்’ என்றால் தோல்.

எருமைத் தோலைச் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்து, சிற்றுளிகளால் நுணுக்கமாகத் துளையிட்டுப் பாவைகள் செய்கிறார்கள். பிடிக்கும் குச்சி, எருமைக் கொம்பு. தோளும் முழங்கையும் தனித்தனியே அசையும்.

நிழல்தானே தெரியப்போகிறது? ஆனாலும் இருபுறமும் வண்ணமும் பொன்னும் பூசுவார்கள். கூத்தர் பக்கம் உட்கார்ந்து பாவைகளையே ரசிப்பவர்களும் உண்டே!

‘டாலாங்’ எனப்படும் அந்தக் கூத்தர் ஒருவரே அர்ஜுனனாகவும் பீமனாகவும் பேசுகிறார், பாவைகளை ஆட்டுகிறார், ‘கேமலான்’ இசைக்குழுவையும் வழிநடத்துகிறார். இதெல்லாம் விடிய விடிய! 2003-இல் யுனெஸ்கோ சிறப்பித்த கலை இது.

கடைசியில் மலை வடிவப் பாவையான ‘குனுங்கான்’ திரை நடுவே நிறுத்தப்படும். ஆட்டம் முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.