கல்லீரல் வாசலில் இரத்த நெரிசல்

மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். கருவி 120/80 என்று காட்டினாலும், வயிற்றுக்குள் ஒரு குழாயில் மட்டும் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கக்கூடும். அதுவே கல்லீரல் போர்ட்டல் சிரை.

குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றின் இரத்தத்தைத் திரட்டிக் கல்லீரலுக்குக் கொண்டு செல்வது இச்சிரை. இதிலுள்ள அழுத்தம், கல்லீரலை விட்டு வெளியேறும் சிரையின் அழுத்தத்தைவிடச் சாதாரணமாக 1 முதல் 5 மி.மீ. பாதரச அளவே கூடுதலாக இருக்கும். வேறுபாடு 5ஐத் தாண்டினால் அதைப் போர்ட்டல் மிகை அழுத்தம் என்பர்.

ஓம் விதியைப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? மின்னழுத்த வேறுபாடு என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கி வருவது. இரத்தத்திற்கும் இதே கணக்குத்தான்: அழுத்த வேறுபாடு = ஓட்டம் × தடை. இந்நோயில் இரண்டுமே கூடிவிடுகின்றன.

முதலில் தடையைப் பார்ப்போம். நீடித்த மதுப்பழக்கம், ஹெப்படைடிஸ் பி, சி வைரசுகள் முதலியவற்றால் கல்லீரல் தழும்பேறி இறுகுகிறது. இதுவே சிர்ரோசிஸ். தழும்புகள் நுண்குழாய்களை நெருக்குகின்றன. ஆனால் தடை முழுவதும் தழும்பால் வந்ததன்று. ஒரு பகுதி இரசாயனச் செய்திகளால் வருவது. நுண்குழாய்களைத் தழுவியபடி ஸ்டெல்லேட் செல்கள் என்னும் விண்மீன் வடிவச் செல்கள் உள்ளன. அவற்றிற்குச் 'சுருங்கு' என்று கட்டளையிடுவது எண்டோதீலின். 'தளர்' என்று கூறுவது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு. நோயுற்ற கல்லீரலில் முன்னது மிகுகிறது, பின்னது குறைகிறது. செல்கள் குழாயை இறுக்குகின்றன. பாய்சொய் விதிப்படி, குழாயின் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். எனவே ஆரம் 10 சதவீதம் குறைந்தாலே தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும்!

அடுத்தது ஓட்டம். இங்கே ஒரு விந்தை! கல்லீரலுக்குள் பற்றாக்குறையான அதே நைட்ரிக் ஆக்சைடு, குடலுக்கு இரத்தம் தரும் தமனிகளில் அளவுக்கு மீறி உண்டாகிறது. அவை விரிய, போர்ட்டல் சிரைக்கு மேலும் இரத்தம் வந்து சேர்கிறது. வாசல் குறுகிய வேளையில் கூட்டமும் பெருகிய கதைதான்.

வழியற்ற இரத்தம் உணவுக்குழலின் அடியிலுள்ள மெல்லிய சிரைகளில் புகுந்து அவற்றைப் புடைக்கச் செய்கிறது. அழுத்த வேறுபாடு 12 மி.மீ.ஐ எட்டினால் அவை வெடித்து, உயிரையே பறிக்கும் இரத்தப்போக்கு ஏற்படலாம்.

அப்படியானால் நைட்ரிக் ஆக்சைடு தரும் மருந்தைக் கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அது உடலெங்கும் பரவி, ஏற்கெனவே விரிந்த தமனிகளை இன்னும் விரித்துவிடும்! ஆகவே மருத்துவர்கள் பெரும்பாலும் புரப்ரனலால், கார்வெடிலால் போன்ற மருந்துகளால் ஓட்டத்தைக் குறைக்கிறார்கள். கல்லீரலுக்குள் மட்டும் 'தளர்' என்று சொல்லும் மருந்தை ஆராய்ச்சியாளர்கள் தேடி வருகிறார்கள். நாளை அதைக் கண்டுபிடிப்பவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.