நூற்றில் எத்தனை பேர் பெண்கள்?

மாணவர்களே, 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சூரியனை ஆராயப் புறப்பட்டது ஆதித்யா எல்-1 விண்கலம். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்து சூரியனைக் கவனிக்கும் அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண், நிகர் சாஜி. தென்காசி பக்கம் செங்கோட்டையில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்தவர். இந்திய அரசாங்கத்தின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவில் 1987-இல் சேர்ந்தார். அவருக்கு முன்பே அரியலூரைச் சேர்ந்த வளர்மதி, 2012-இல் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோள் திட்டத்தை வழிநடத்தினார். மேகம் மூடியிருந்தாலும் ரேடார் மூலம் தரையைப் படமெடுக்கும் செயற்கைக்கோள் அது.

இந்தப் பெயர்களைக் கேட்டதும், இந்திய ஆய்வுக்கூடங்களில் பாதிப் பேர் பெண்களாக இருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், 2018-இல் அங்கு 100 ஆய்வாளர்களில் சுமார் 17 பேரே பெண்கள். உலக அளவில் அது 33. பணக்கார நாடான ஜப்பானிலும் 5-இல் ஒருவர்கூட இல்லை. நம் மலேசியாவிலோ ஏறத்தாழ பாதி!

பெருமைதான். ஆனால், அறிவியல் படிக்கும் நீங்கள் 'ஏன்?' என்று கேட்க வேண்டாமா? ஆய்வாளர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்பதில் பாதி விடை இருக்கிறது. ஜப்பானில் பெரும்பாலோர் தனியார் நிறுவனங்களில் இருக்கிறார்கள். அங்கேதான் பெண்கள் மிகக் குறைவு. மலேசியாவில் பெரும்பாலோர் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். அரசாங்க ஆய்வுக்கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பெண்களின் பங்கு பொதுவாகத் தனியாரைவிடக் கூடுதல். ஆக, விழுக்காட்டைப் பார்த்தால் அது எந்தக் கூட்டத்தின் விழுக்காடு என்றும் பாருங்கள்.

நம் சிலிம் ரிவர் பக்கத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெண்களைப் பற்றி உங்கள் பாட்டியிடம் கேளுங்கள், நிறையச் சொல்வார். நாட்டில் நல்ல ரப்பர் ரகங்களை உருவாக்கியது 1925-இல் தொடங்கிய அரசாங்க ரப்பர் ஆய்வுக் கழகம். பாட்டிக்கு மரம் தெரியும், அந்தக் கழகத்தின் வாசல் தெரியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. நிகர் சாஜி 1987-இல் வேலையில் சேர்ந்தார். ஆதித்யா பறந்தது 2023-இல். இடையே 36 ஆண்டுகள். இன்று மேலே இருக்கும் பெண்களின் எண்ணிக்கை, அன்று எத்தனை மாணவிகள் இயற்பியல் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. 'இயற்பியல் பையன்களுக்குத்தான்' என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் படிவம் 4-இல் அதை விட்டுவிட நினைக்கும் மாணவியே, உன் வயதோடு 36-ஐக் கூட்டிப் பார்.