ஜீப்பு மலைக்கு, காரு கல்யாணத்துக்கு

போடியில் என் மாமா வீட்டு போர்டிகோவில் இரண்டு வண்டிகள் நிற்கும். ஒன்று ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பழைய ஜீப். கதவு சரியாகச் சாத்தாது. சீட்டெல்லாம் பச்சைக் காய் மணம். மற்றது ஹைப்ரிட் கார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. “ஜீப்பு மலைக்கு, காரு கல்யாணத்துக்கு” என்பார். காய் பறிப்பு சூடுபிடித்துவிட்டால் மாமா தோட்டமே கதியென்று கிடப்பார். கார் கவர் போர்த்திக்கொண்டு தூங்கும்.

போன வருஷம் அப்படி ஒரு மாதம் நின்ற கார், தேனியில் ஒரு முகூர்த்தத்துக்குக் கிளம்பிய காலையில் கதவையே திறக்கவில்லை. மாமா பட்டுவேட்டியோடு சாவிப் பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். “சார்ஜே போட வேணாம்னுதான மாப்ள இத வாங்குனேன்?” என்று என்னிடம் பாய்ந்தார். குடும்பம் மொத்தமும் ஜீப்பில்தான் கல்யாணத்துக்குப் போனது. பட்டுப்புடவையெல்லாம் ஏலக்காய் வாசம் என்று அத்தை இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

மாமாவிடம் யாரும் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொன்னார்கள். ஹைப்ரிட்டில் பேட்டரி இரண்டு. வண்டியை நகர்த்துகிற பெரிய பேட்டரி ஓட்டத்திலேயே சார்ஜ் ஏறிக்கொள்ளும். போடிமெட்டிலிருந்து கொண்டையூசி வளைவுகளில் இறங்கி வந்தால் போதும், பிரேக் பிடிக்கப் பிடிக்க நிறையும். அதைத் தவிர ஸ்கூட்டி முதல் டிராக்டர் வரை எல்லாவற்றிலும் இருக்கிற அதே 12 வோல்ட் பேட்டரியும் ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தியதும் வண்டியின் கம்ப்யூட்டரை எழுப்புவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேயை மூடுவதும் இந்தச் சின்னதின் வேலை. 1895இலிருந்து பெரியாற்றுத் தண்ணீரில் விளைகிற பள்ளத்தாக்குக்கு இதை விளக்குவது சுலபம். அணை நிறையத் தண்ணீர் கிடக்கிறது, ஷட்டரைத் தூக்கத்தான் ஆளில்லை.

நின்ற வண்டியில் எது தின்கிறது? கணக்குப் போட்டுக் காட்டினார் பேட்டரிக் கடைக்காரர். பூட்டிய பிறகும் சாவி பக்கத்தில் வருகிறதா என்று கார் காது கொடுத்துக்கொண்டே இருக்கிறது. திருட்டு அலாரம், செல்போனோடு பேசும் கருவி எல்லாம் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்து 40 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர் மணி, மாதம் 29. இந்த வண்டிகளில் எஞ்சினைச் சுற்றிவிடுவதும் பெரிய பேட்டரியின் வேலை என்பதால் சின்னதைப் பெரும்பாலும் சின்னதாகவே வைத்துவிடுகிறார்கள். 45 ஆம்பியர் மணி பேட்டரியில் 29 போனால் மிச்சம் எவ்வளவு? சித்திரை வெயில் இதைவிட மோசம். சூடு ஏற ஏற பேட்டரி தானாகவே வேகமாக இறங்கும், ஆயுளும் குறையும்.

இதில் சென்னையிலிருக்கும் மாமா மகனுக்கும் பங்குண்டு. அப்பாவும் அம்மாவும் ஊரில் தனியாக இருக்கிறார்களே என்று, கார் எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா என்று செல்போன் ஆப்பில் அடிக்கடி பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் தூங்குகிற காரைத் தட்டி எழுப்புகிறான் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது.

எனக்குக் கவலை கல்யாணத்தைப் பற்றியதல்ல. 2023 ஜூனில் போடி வரை அகலப்பாதை ரயில் வந்தபின், சென்னைக்குக் காரில் போய்க்கொண்டிருந்த வீடுகளும் ரயிலேறுகின்றன. பிள்ளைகள் வெளியூரில், வாங்கித் தந்த கார் போர்டிகோவில். ஓட்டத் தெரிந்தவர் ஒருவரே, அவருக்கும் எழுபது. கூடலூரிலோ கம்பத்திலோ ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தால், தேனியைத் தாண்டி க.விலக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில், வண்டி கிளம்பத் தயார் என்று மீட்டரில் காட்டும் ‘ரெடி’ விளக்கு எரியாவிட்டால்? 108 இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். ஆனாலும் வீட்டில் பல லட்ச ரூபாய்க்குக் கார் நிற்கும்போது வாசலில் சைரனுக்குக் காத்திருப்பது என்ன நியாயம்? பழைய அம்பாசிடர் என்றால் சரிவில் நிறுத்தி, நாலு பேர் தள்ளி, கியரைப் போட்டுவிடலாம். இதை ஊரே திரண்டு தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது.

அதனால்தான் ‘ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தினால் மைனஸ் கேபிளைக் கழற்றிவிடுங்கள்’ என்ற வழக்கமான யோசனையில் எனக்கு ஒப்புதல் இல்லை. வெளிநாடு போகிறவர்களுக்கு அது சரி. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் பாதி ராத்திரியில் யார் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடுவது? சில வண்டிகளில் பேட்டரி பின்னால் டிக்கியில் இருக்கும். அந்த டிக்கியும் கரண்டில்தான் திறக்கும்.

வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி, முக்கால் மணி ஓட்டுவது உத்தமம். முடியாவிட்டால் ‘ரெடி’ எரியும் நிலையில் நிறுத்தி வைக்கலாம். அப்போது பெரியது சின்னதற்கு ஊட்டும். நடுவில் எஞ்சின் தானாக ஓட ஆரம்பிக்கும் என்பதால் மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது, புகை ஆளைக் கொல்லும். ‘ரெடி’ வராமல் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இருக்கிறதும் போகும். சாவியைக் காருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டக் கூடாது. ரிமோட்டுக்குள்ளேயே இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருக்கிறது, செத்த காரின் கதவை அதுதான் திறக்கும். மாமாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

கேபிள் போட்டு எழுப்புவதென்றால் 12 வோல்ட் வண்டியிலிருந்து மட்டும். வாழைத்தார் ஏற்ற வந்து நிற்கிற பெரிய லாரி 24 வோல்ட், அதைத் தொடவே வேண்டாம். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்துவிட்டால் பேட்டரி விலையோடு போகாது. கம்ப்யூட்டரை எழுப்பக் கொஞ்சம் கரண்டே போதும் என்பதால், கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை வீட்டுக்குள் (டிக்கிக்குள் அல்ல) வைத்திருப்பது என் கணக்கில் கட்டாயம்.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது, நிறைந்ததும் தானே அடங்கிக்கொள்ளும் சார்ஜரைத்தான். போர்டிகோ பிளக்கில் செருகி, கிளிப்பை மாட்டிவிட்டால் நாள்கணக்கில் அதுபாட்டுக்குக் கிடக்கும். போன மாதம் மாமாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மீட்டரை வைத்துப் பார்த்தபோது 12.6 வோல்ட், முழுசு.

பத்து நாள் கழித்து விசாரித்தேன். “பச்சை லைட்டு எரியுதா மாமா?”

“பகல்ல எரியுது மாப்ள. ராத்திரியானா ஒங்க அத்தை, கரண்டு வீணா போகுதுன்னு சுவிட்ச அமத்திப்புட்டுத்தான் படுக்கிறா.”