குற்றத்தின் முகவரி

சிகாகோ நகரின் சிறார் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட பையன்கள் எந்தத் தெருக்களிலிருந்து வந்தார்கள்? கிளிஃபோர்டு ஷா, ஹென்றி மெக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900-க்கும் 1933-க்கும் இடைப்பட்ட பதிவேடுகளைப் புரட்டி, பையன்களின் வீடுகளை நகர வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்தார்கள். ஆலைகளையும் கடைவீதிகளையும் ஒட்டிய பழைய குடியிருப்புகளில் புள்ளிகள் மொய்த்தன. நகர மையத்தை விட்டுத் தள்ளிப் போகப் போகக் குறைந்தன.

ஏழைகள் வாழும் பகுதியில் வழக்கு அதிகம் என்பதில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் இருந்தது. அந்தத் தெருக்களில் முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள். கையில் காசு சேர்ந்ததும் அவர்கள் வெளியேற, இத்தாலியரும் போலந்துக்காரரும் வந்தார்கள். பிறகு தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வந்தார்கள். முப்பது ஆண்டுகளில் குடியிருந்தவர்கள் மாறிப்போனார்கள். புள்ளிகள் பெரும்பாலும் அதே தெருக்களில்தான் இருந்தன. வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் புது இடத்தில் நீதிமன்றப் படி ஏறுவதோ குறைந்தது. குற்றத்தை ஓர் இனத்தின் ரத்தத்தில் தேடியவர்களுக்கு 1942-இல் புத்தகமாக வெளிவந்த இந்த ஆய்வு பலத்த அடி.

அதே காலத்தில் நம் மண்ணில் சட்டமே ரத்தத்தில் குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தது. 1871-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குலத்தை வைத்தே ஆண்களின் கைரேகையைப் பதிவுசெய்தார்கள். ஊர்விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். இந்த ரேகைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

சரி, இடம் எப்படிக் குற்றத்தை வளர்க்கிறது? வறுமை ஒரு காரணம். ஆனால், வறுமை மட்டுமே காரணம் என்றால் எல்லா ஏழைத் தெருவும் ஒரேபோல இருக்க வேண்டும், அப்படி இல்லை. ஷா, மெக்கே தந்த விடை சமூகக் குலைவு. ஆட்கள் ஓயாமல் வந்து போகும் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை யார் என்றே தெரியாது. தெரியாத பிள்ளையை யாரும் தட்டிக்கேட்பதில்லை.

இந்த விடையை 1995-இல் ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் அதே சிகாகோவில் சோதித்தார்கள். 343 பகுதிகளில் 8,782 பேரிடம் கேள்விகள் கேட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா? வாசலில் சண்டை நடந்தால் விலக்கிவிடுவார்களா? உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தை மூடப் பார்த்தால் ஒன்றுசேர்ந்து தடுப்பார்களா? 'செய்வார்கள்' என்ற எதிர்பார்ப்பும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கையும் இருந்த பகுதிகளில், வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வன்முறை குறைவாக இருந்தது. இதைக் கூட்டுத் திறன் என்கிறார்கள். குற்றவியலில் இதைவிடப் பயனுள்ள கண்டுபிடிப்பு அரிது என்பேன். ஏனென்றால் இது மாற்றக்கூடிய ஒன்று.

இடத்தையும் வாய்ப்பையும் மாற்றி வன்முறையைக் குறைத்துக் காட்டியும் இருக்கிறார்கள். 2012 கோடையில் சிகாகோவின் வன்முறை மிகுந்த பகுதிகளில் உள்ள 13 பள்ளிகளின் மாணவர் 1,634 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு எட்டு வார விடுமுறை வேலை கொடுத்தார்கள். வேலை பெற்றவர்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது அடுத்த 16 மாதங்களில் 43 சதவீதம் குறைவாக இருந்தது. இதில் பெரும்பகுதி, வேலை முடிந்த பிறகு வந்த மாதங்களில் நிகழ்ந்தது. பிலடெல்பியாவில் 541 காலிமனைகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் குப்பையை அள்ளி, புல் வளர்த்து, சில மரங்கள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். வறுமை மிகுந்த பகுதிகளில், இப்படிச் சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. இரண்டுக்கும் சிறை கட்டும் செலவு தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. புள்ளிகள் மொய்த்த தெருக்களிலும் பெரும்பாலான பையன்கள் நீதிமன்றத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு பகுதியின் பெயரைச் சொன்னதும் முகம் சுளித்து வேலை மறுப்பவர்கள், அங்கு உழைத்து வாழும் ஆயிரக்கணக்கானோரைத் தண்டிக்கிறார்கள்.

சென்னையில் ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். பல தலைமுறை அக்கம்பக்கம் ஒரே நாளில் கலைந்தது; வேலையும் பள்ளியும் பல மைல் தள்ளிப்போயின. சமூகக் குலைவை நாமே உண்டாக்கிவிட்டு, அங்கு வளரும் பிள்ளைகளைச் சந்தேகிப்பது நியாயமில்லை. இனியாவது, குடியமர்த்தும்போது ஒரே தெருவில் வாழ்ந்தவர்களுக்கு அடுத்தடுத்த வீடுகளை ஒதுக்குங்கள். சாவியைக் கொடுக்கும் நாளிலேயே பள்ளியும் பேருந்தும் அருகில் வேலையும் இருக்கட்டும். காவல் நிலையம் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.