மாரி வருமுன் டயரைப் பாருங்கள்: நனைந்த வீதியில் மோட்டார் சைக்கிளைத் தாங்குவது எது?

யாழ்ப்பாணத்தில் டயர் விற்கும் கடைகளில் வாடிக்கையாளர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இது எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடும்?” இரண்டாவது கேள்வி விலை. மழையில் பிடிக்குமா என்று கேட்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். எனவே கடைக்காரரும் அதிக தூரம் ஓடும் டயரையே எடுத்து நீட்டுகிறார். அதிக தூரம் ஓடும் டயர் என்றால் பொதுவாகக் கடினமான றப்பர். கடினமான றப்பர் மெதுவாகத் தேயும். ஆனால் நனைந்த வீதியைப் பற்றிப்பிடிப்பதில் பின்தங்கும்.

இலங்கையில் ஆண்டொன்றுக்கு 2,000 பேருக்கு மேல் வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர். அவர்களில் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களின் பங்கு பெரியது. வடக்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரியில் கொட்டுகிறது. அந்த மூன்று மாதமும் முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் ஒருவருமாகப் பாடசாலைக்கும் வேலைக்கும் சந்தைக்கும் போய்வருவது இதே இரண்டு சில்லுகளில்தான். ஆகவே டயரை எப்படித் தெரிவு செய்வது என்பதைச் சற்று விளக்கமாக எழுத நினைத்தேன்.

உள்ளங்கை அளவு இடம்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளின் ஒவ்வொரு டயரும் வீதியைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். வண்டி, ஓட்டுநர், பின்னால் இருப்பவர், பொதிகள் எல்லாவற்றையும் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த இரண்டு சிறு பரப்புகளே.

தார் வீதி பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும் அதன் மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய மேடு பள்ளங்கள். றப்பர் அவற்றுக்குள் அழுந்திப் புகுந்துகொள்வதால்தான் பிடிமானம் கிடைக்கிறது. மழை பெய்யும்போது றப்பருக்கும் வீதிக்கும் இடையில் நீர்ப்படலம் ஒன்று வந்துவிடுகிறது. டயரில் உள்ள காடிகள் அந்த நீரின் பெரும்பகுதியைப் பக்கவாட்டில் வெளியேற்றுகின்றன. மீதமுள்ள மெல்லிய படலத்தை ஊடுருவி வீதியைத் தொடவேண்டியது றப்பரின் வேலை. மென்மையான றப்பருக்கு அது எளிது. இறுகிப்போன றப்பர் மேடுகளின் நுனியில் மட்டும் தொட்டபடி சறுக்கிச் செல்லும்.

மழையென்றதும் பலரும் காடியின் வடிவத்தையே பார்க்கிறார்கள். காடி தேவைதான். ஆனால், எங்கள் வீதிகளில் நாங்கள் ஓடும் வேகத்துக்கு றப்பரின் தன்மையும் காற்றழுத்தமுமே அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் இருக்கிறது.

டயர் நீரின்மேல் முழுதாக மிதந்து வீதியோடு தொடர்பை இழப்பதை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா விமானச் சில்லுகளை வைத்து ஆராய்ந்து 1963இல் அறிக்கை வெளியிட்டது. மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அந்த ஆய்வுகளில் இருந்து வந்த கணக்கு. அதன்படி 28 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 88 கிலோமீற்றரில் மிதக்கத் தொடங்கும். காற்று 16 பிஎஸ்ஐ ஆகக் குறைந்தால் அது 67 கிலோமீற்றராக இறங்கிவிடும். வளைந்த முகமுள்ள மோட்டார் சைக்கிள் டயர் நீரை வெட்டிச் செல்வதால் இன்னும் சற்றுத் தாங்கும். எனவே 40, 50 கிலோமீற்றர் வேகத்தில் சந்தியில் விழுபவர் பெரும்பாலும் நீரில் மிதந்து விழுவதில்லை. இறுகிய றப்பர் வழுக்கியே விழுகிறார்.

பிடிமானம் குறைந்தால் எத்தனை மீற்றர்?

மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர். உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்தால் பிரேக் பிடித்த இடத்திலிருந்து 14 மீற்றரில் வண்டி நிற்கும். நனைந்த வீதியில் அது 0.4 ஆகக் குறைந்தால் 25 மீற்றர் தேவை. இறுகிய டயரால் 0.3 ஆகக் குறைந்தால் 33 மீற்றர். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கை வைக்க ஒரு செக்கன் பிடித்தால் எல்லாவற்றோடும் இன்னொரு 14 மீற்றரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

0.4 இற்கும் 0.3 இற்கும் இடையிலான 8 மீற்றர், ஒழுங்கையிலிருந்து திடீரென வெளியே வரும் சைக்கிளுக்கு முன்னால் நிற்பதா, அதன்மேல் மோதுவதா என்பதைத் தீர்மானிக்கும் தூரம். அதேவேளை, 0.4 உள்ள அதே நனைந்த வீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போனால் 16 மீற்றரில் நின்றுவிடலாம். நல்ல டயரும் 10 கிலோமீற்றர் வேகக் குறைப்பும் சேர்ந்தால், மழை பறித்ததில் பெரும்பகுதியைத் திருப்பி வாங்கிவிடலாம்.

முதலில் திகதி, பிறகு காடி

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். பெரும்பாலும் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் அதைக் காணலாம். முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரிக்கப்பட்டது.

எங்களுக்கு இது ஏன் முக்கியம்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் இருந்த வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓடினோம். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் பல வண்டிகள் மாதக்கணக்கில் நின்றன. குறைவாக ஓடிய வண்டியின் டயரில் காடி ஆழமாகவே இருக்கும். ஆனால் வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் றப்பரை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கும். காடி இருக்கிறதே என்று நம்பி ஏறும் இந்த டயர்தான் மழையில் ஏமாற்றும்.

பல தயாரிப்பாளர்கள் ஐந்து ஆண்டுகளின் பின் ஒவ்வோர் ஆண்டும் டயரைப் பரிசோதிக்கும்படியும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்றும் கூறுகின்றனர். வண்டியை நாள் முழுதும் வெயிலில் நிறுத்துபவர் அந்தப் பத்து ஆண்டைக் கணக்கில் எடுக்காமல் இருப்பது நல்லது. பக்கச் சுவரிலும் காடியின் அடியிலும் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பெருவிரல் நகத்தால் அழுத்துங்கள். புதிய றப்பரில் நகம் சற்று அழுந்தி, தடம் உடனே மறையும். பழைய றப்பர் பிளாஸ்ரிக்கைப் போல் எதிர்த்து நிற்கும்.

புதிய டயர் வாங்கும்போதும் இந்த நான்கு இலக்கங்களைப் பார்த்தே வாங்குங்கள். கடையின் பின்னறையில் நான்கு வருடம் கிடந்த டயரும் “புது டயர்”தான்.

காடிக்கு வருவோம். டயரின் விளிம்பில் டிடபிள்யூஐ என்ற எழுத்துகளோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே காடிக்குள் ஒரு சிறு மேடு தெரியும். மோட்டார் சைக்கிள் டயர்களில் அதன் உயரம் பெரும்பாலும் 0.8 மில்லிமீற்றர். றப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. மாரிக்கு முன் 2 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தாலே மாற்றிவிடுவது என் வழக்கம். மொட்டையான டயரில் சூட்டுக் கத்தியால் காடி வெட்டித் தருவதாக யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். வெட்டும் இடத்தில் உள்நூல் வெளிப்பட்டு டயர் வெடிக்கலாம்.

கடையில் என்ன கேட்பது?

முதலில் அளவு. 2.75-17, 3.00-18, 80/100-18 என்று உங்கள் வண்டிக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவையே வாங்குங்கள். அழகுக்காக அகலமான டயரைப் பொருத்தினால் குறுகிய றிம் அதன் முகத்தைக் கூம்பாக்கிவிடும். வண்டி சரியும்போது வீதியைத் தொடும் பரப்பு மாறிவிடும்.

அளவுக்குப் பக்கத்தில் 41பி, 47பி என்று இருப்பது சுமையும் வேகமும். 41 என்றால் அந்த டயர் தாங்கும் உச்சச் சுமை 145 கிலோகிராம். 47 என்றால் 175 கிலோகிராம். பி என்பது மணிக்கு 150 கிலோமீற்றர். குடும்பத்தோடு ஓடுபவர் பின் டயரில் இந்தச் சுமை இலக்கத்தை, தயாரிப்பாளர் சொன்னதிலும் குறைய விடக்கூடாது.

அடுத்து றப்பர். டயருக்குக் கறுப்பு நிறம் தருவது காபன் கறுப்புத் தூள். அதன் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்கா சேர்த்தால் றப்பர் குளிரிலும் நெகிழ்வாக இருந்து நனைந்த வீதியைப் பிடிக்கும். கார் டயர்களில் 1990களின் தொடக்கத்தில் பரவிய இந்த முறை மோட்டார் சைக்கிள் டயர்களுக்கும் வந்துவிட்டது. “சிலிக்கா சேர்த்ததா? ஈர வீதிக்கானதா?” என்று கடையில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், ஒரே காலத்தில் தயாரான இரண்டு டயர்களை நகத்தால் அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள்.

பின்னர் காடியின் அமைப்பு. முன் டயரில் நீளவாக்காக ஓடும் காடிகள் நேராகப் போகும்போது நீரை வெட்டி, திசை தடுமாறாமல் வைத்திருக்கும். பின் டயரில் பக்கவாட்டுக் காடிகள் நல்லது. வன்னியின் உள் கிராமங்களில் கிரவல் வீதியில் ஓடுபவர்கள் பெரிய கட்டைகள் உள்ள டயரை விரும்புவர். சேற்றில் அது சரி. நனைந்த காபெட் வீதியில் அந்தக் கட்டைகள் மட்டுமே தொடுவதால் பிடிக்கும் றப்பர் குறைந்துவிடும். இரண்டு வீதியிலும் ஓடுபவர் கட்டைகள் நெருக்கமாக உள்ளதைத் தெரிவு செய்யலாம். பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் சில்லு சுழலும் திசைக்கே அது இருக்கவேண்டும். மாற்றிப் போட்டால் நீரை வெளியேற்றும் காடிகள் எதிர்வேலை செய்யும்.

விலையையும் பார்ப்போம். இரண்டு டயர்களும் 12,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கடினமானது 25,000 கிலோமீற்றரும் மென்மையானது 18,000 கிலோமீற்றரும் ஓடினால், கிலோமீற்றருக்கான வித்தியாசம் சுமார் 19 சதம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 190 ரூபா. ஒரு லீற்றர் பெற்றோலின் விலையிலும் குறைவு.

முன் டயரை மறக்காதீர்கள்

பின் டயர் விரைவில் தேயும் என்பதால் அதை மாற்றுகிறோம். முன் டயர் வண்டி வாங்கிய நாளில் வந்ததாகவே இருக்கும். ஆனால் பின் சில்லு வழுக்கினால் வண்டியை நேராக்க ஓரளவு வாய்ப்புண்டு. முன் சில்லு வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்கு வருவதால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வதும் முன் டயர்தான். ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், எது பழையது, எது இறுகியது என்று பார்த்து முடிவெடுங்கள்.

மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காற்றுக் குறைந்தால் டயர் நடுவில் தளர்ந்து காடிகள் நெருங்கி மூடும், நீர் வெளியேறாது. எங்கள் வீதிகளில் அதிகம் ஓடும் 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு முன்னுக்கு 25, பின்னுக்குத் தனியாக 28, இருவராயின் 32 பிஎஸ்ஐ என்று குறிப்பிடப்பட்டிருக்கும். உங்கள் வண்டியின் கைநூலிலோ சங்கிலி மூடியில் ஒட்டிய தாளிலோ உள்ள அளவைப் பின்பற்றுங்கள். ஓடிச் சூடாகும் முன், காலையில் பார்க்கவேண்டும்.

புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீற்றர் வரை திடீர்ப் பிரேக்கும் கூர்மையான சாய்வும் வேண்டாம். எனவே மாரி தொடங்கிய பின் அல்ல, செப்டெம்பரிலேயே மாற்றிவிட்டால் காய்ந்த வீதியில் பழக்கிக்கொள்ளலாம்.

எந்த டயரும் பிடிக்காத இடங்கள் சில உண்டு. நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில் வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் மிதந்து கிளம்பும் முதல் அரை மணித்தியாலம். வலிகாமத்தில் ஒழுங்கைகளிலிருந்து செம்மண் கரைந்து வீதிக்கு வரும் சந்திகள். பாதசாரிக் கடவைக் கோடுகள். புகையிரதக் கடவையின் இரும்புத் தண்டவாளங்கள். அங்கெல்லாம் வேகத்தை முன்கூட்டியே குறைத்து, தண்டவாளத்தைக் குறுக்காகவே கடந்து, அதன்மேல் பிரேக் பிடிக்காமல் போவது ஒன்றே வழி.

இன்று வண்டியை வெளியே எடுக்கும்போது இரண்டு டயர்களிலும் உள்ள நான்கு இலக்கங்களைத் தேடிப் பாருங்கள். சேறு மூடியிருந்தால் ஈரத் துணியால் துடையுங்கள். சில டயர்களில் அவை உட்பக்கத்தில் இருக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் என்ன ஆண்டைச் சொல்கின்றன என்று தெரிந்துகொண்டால், இந்த மாரிக்கு அவை போதுமா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.