கொதிக்க வைத்தால் மட்டும் போதுமா?

குழாய்த் தண்ணி மேல சந்தேகம் வந்தா, "நல்லா கொதிக்க வச்சுக் குடி"ன்னு வீட்டுல சொல்வாங்க. அது பாதிதான் சரி. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் கரைந்திருக்கும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களுக்கு இது புதுசு இல்லை. அந்தப் பகுதிப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மி.கி. வரை இருக்கலாம், வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 மி.கி. அளவு மீறினால் குழந்தைகளின் பற்களில் கறை விழும். மிக அதிகமாகி, பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

டி.டி.எஸ். மீட்டர் சொல்லிடாதா? சொல்லாது. அது கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும்; ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது.

உங்க ஊர்க் குழாயில வர்றது ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா, ரெண்டும் கலந்ததா? முதல்ல அதை விசாரிங்க. போர் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் ஃபுளோரைடு அளவைச் சோதித்துப் பாருங்க. வீட்டுல சின்னப் பசங்க இருந்தா தள்ளிப் போடாதீங்க. பல் உருவாகும் வயசுல விழுந்த கறை, பிறகு தண்ணியை மாத்தினாலும் போகாது.